கூரை ஒழுங்கா வேணும்

தியாகலிங்கம் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் மேலேதான் பார்ப்பார். வீட்டுக்காரர் "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கண் சுவரும் சீலிங்கும் சேருகிற நாலு மூலையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். எங்கேயாவது மஞ்சள் கறை தெரிந்தால் போச்சு. கலியாணவீடு, செத்தவீடு என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒருமுறை மல்வேர்னில் ஓர் அந்திரட்டி வீட்டில், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறந்தவரின் மூத்த மகனைத் தோளில் தட்டி, "தம்பி, சிம்னிக்குப் பக்கத்தால தண்ணி இறங்குது. பனி கொட்ட முதல் பாத்துப்போடுங்கோ" என்று சொன்னவர் அவர். அந்த மகன் கோபிக்கவில்லை. அடுத்த கிழமையே கூப்பிட்டு வேலையைக் கொடுத்தான்.

கனடாவின் ஸ்காபரோவில் 'றூஃபிங் தியாகண்ணை' என்றால்தான் ஆளைத் தெரியும். முழுப்பெயர் ஹெல்த் காட்டில் மட்டும் இருக்கிறது. இருபத்தாறு வருடமாகக் கூரை போட்டவர். இப்போது அறுபத்தொரு வயது, முழங்கால் ஏணியோடு கோபித்துக்கொண்டுவிட்டது. ஆகையால் கீழே நின்று அண்ணாந்து பார்த்து மற்றவர்களை வேலை வாங்குகிறார். அவர் போட்ட கூரை ஒழுகியது என்று இன்றுவரை ஒரு ஃபோன் வந்ததில்லை. இதை அவர் பெருமைக்காகச் சொல்வதில்லை. சும்மாதான் சொல்வார், ஆனால் நாளுக்கு இரண்டு தரமாவது சொல்வார்.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது, அவரும் மனைவி யோகமலரும் இரண்டு வயது மகள் துவாரகாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நடந்து நடந்து கடைசியில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வெளியில் நாலு தடியும் ஒரு தறப்பாளுமாக ஒரு கொட்டில் கிடைத்தது. தறப்பாளில் ஓட்டை. வந்து சேர்ந்த அன்றே மழை பிடித்து மூன்று நாள் விடவில்லை. பிள்ளைக்கோ காய்ச்சல். தியாகலிங்கம் அந்த மூன்று நாளும் கொட்டிலுக்குள்ளேயே குந்தியிருந்து பிள்ளைக்கு மேலே குடை பிடித்தார். கூரைக்குக் கீழே இருந்துகொண்டு குடை பிடிப்பதைப் போல ஒரு வெட்கக்கேடு உலகத்தில் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. இனி என் பிள்ளைக்கு மேலே ஒரு சொட்டு விழவிடமாட்டேன் என்று அன்றைக்குச் சத்தியம் செய்தார்.

ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த மனிதர் கனடா வந்ததும் கூரை ஏறியதற்கு அந்தச் சத்தியம்தான் காரணமா, வேறு வேலை கிடைக்காததுதான் காரணமா என்று கேட்டால் இரண்டும்தான். ஆனாலும் சத்தியத்தை நம்புவதற்கே மனம் சொல்கிறது.

துவாரகா வளர்ந்து மருந்தாளர் ஆனாள். ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அன்ட்ரூ என்ற யூதப் பையனைக் கலியாணம் செய்தாள். காலையில் கோயிலில் தாலி கட்டு, மாலையில் ஒரு மண்டபத்தில் நாலு கம்பில் கட்டிய வெள்ளைத் துணிக்குக் கீழே அவர்களுடைய முறை. அந்தத் துணியையும் பார்த்து தியாகலிங்கம் இது தண்ணீர் தாங்காதே என்று யோசித்தார் என்பதை இங்கே மறைக்கவேண்டியதில்லை.

மருமகன் நல்ல பையன். தமிழ் படிக்கிறான். வாராவாரம் நாலு புதுச்சொல்லோடு வருவான். ழகரம் மட்டும் அவனுக்கு வராது. யாழ்ப்பாணத்தாருக்கே அது ளகரமாகத்தான் வரும் என்பதால் அதில் ஒருவரும் அவனைக் குறை சொல்லவில்லை. அவனுடைய நாக்கில் ளகரமும் வழுக்கி லகரத்தில் போய் விழும்.

அப்படியிருந்தும் தியாகலிங்கத்தின் மனதில் ஒரு பயம் இருந்தது. யோகமலருக்குக்கூட அவர் அதைச் சொல்லவில்லை. நல்லநாள் பெருநாள் எல்லாம் இனி நகரத்தின் மறுகோடியில், பத்தேர்ஸ்ட் பக்கம், அன்ட்ரூவின் தாய் வீட்டில்தான் நடக்கும், மில்லிக்கனில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வந்து தலைகாட்டிவிட்டுப் போவார்கள், மகள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போய்விடுவாள் என்ற பயம். ஒரே பிள்ளை. பயம் வராமல் என்ன செய்யும்?

இந்த நிலையில்தான் புரட்டாசி மாதத்தில் ஒருநாள் அன்ட்ரூ ஃபோன் எடுத்தான். துவாரகா தான் கதைப்பதாகச் சொல்லியும் கேட்காமல், மாமாவிடம் உதவி கேட்பதென்றால் நான்தான் கேட்கவேண்டும், அதுவும் தமிழில் கேட்கவேண்டும் என்று சொல்லி அவனே கேட்டான்.

"மாமா, எங்கட பெருநாள் வருது. ஏலு நாள். ஒரு சின்ன வீடு கட்டிச் சாப்பிடவேணும். பேர் சுக்கா. உங்கட பின்வளவில கட்டலாமா?"

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. "சுக்காவோ? ஆட்டிறைச்சியோ?" என்று யோகமலர் குசினியிலிருந்து கேட்டார்.

அன்ட்ரூ பொறுமையாக விளங்கப்படுத்தினான். சுக்கா என்றால் கொட்டில். ஒருகாலத்தில் அவர்களுடைய ஆட்கள் வீடில்லாமல் நாற்பது வருடம் பாலைவனத்தில் நடந்தார்களாம். அதை மறக்காமல் இருக்க, வருடத்தில் ஏழு நாள் நல்ல வீட்டை விட்டு இறங்கி வளவுக்குள் கொட்டில் கட்டி அதில் இருந்து சாப்பிடவேண்டும். முன்பெல்லாம் அவனுடைய தகப்பன்தான் கட்டுவார். தகப்பன் செத்துப்போய் மூன்று வருடம். தாய் ஷெரில் வளவோடு இருந்த வீட்டை விற்றுவிட்டு மாடிக் கட்டடத்துக் கொண்டோவுக்கு மாறிவிட்டார். அன்ட்ரூவும் துவாரகாவும் இருப்பதும் கொண்டோவில். மூன்று வருடமாக அந்தக் குடும்பத்துக்குக் கொட்டில் இல்லை.

"மேல இலை, கிலை போடவேணும்" என்றான். கிளையைத்தான் சொன்னான். "மாமா, ஒண்டு முக்கியம். கூரை ஒலுகா வேணும்."

தியாகலிங்கத்தின் காதில் விழுந்தது 'கூரை ஒழுங்கா வேணும்' என்றுதான். வேறு எப்படி விழும்?

"ஒழுங்கா வேணுமோ? தம்பி, ஆருக்குச் சொல்லுறாய்! இருபத்தாறு வருசம் இஞ்ச கூரை போட்டனான். நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை."

"நன்றி மாமா, நன்றி" என்றான் அன்ட்ரூ. இரண்டு பேரும் மெத்தத் திருப்தியாக ஃபோனை வைத்தார்கள்.

அன்றைக்கு முழுக்க தியாகலிங்கத்தின் கால் நிலத்தில் நிற்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு மருமகன் தன்னிடம் கேட்ட முதல் உதவி. ஒரு பெருநாள் தானாக நடந்து தன் வளவுக்கு வருகிறது. இதை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் அடுத்த வருடமும் இங்கேதான், அதற்கடுத்த வருடமும் இங்கேதான். மகளும் கூடவே வருவாள்.

நவராத்திரி முடிந்து கும்பம் எடுத்த கையோடு வேலை தொடங்கியது. ஸ்டோவில் பக்கம் ஒரு பண்ணையில் சோளத்தட்டை ஒரு வான் நிறைய ஏற்றி வந்தார். வேலியோரத்து சீடார் மரத்தில் கிளை வெட்டினார். சட்டம் நாட்டி, சரிவு கொடுத்து, சோளத்தட்டைக் கட்டுக்கட்டாகக் கீழ்விளிம்பிலிருந்து மேலே மேலே ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி, வீட்டுக் கூரைக்கு ஷிங்கிள் தகடு போடுகிற அதே கணக்கில் அடுக்கினார். அதற்கு மேலே சீடார் கிளை. முகட்டில் இரட்டைக் கட்டு. சுவருக்கு யோகமலரின் பழைய சேலைகள், மயில் பச்சையும் அரக்குமாக. வளவில் ஒரு புதுமணப்பெண்ணைக் கொண்டுவந்து இருத்தியதுபோல் கொட்டில் நின்றது.

கடைசியாகச் சோதனை. யோகமலரை உள்ளே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, மடியில் ஒரு வெள்ளை ரிஷ்யூ பேப்பரை விரித்துவிட்டு, ஹோஸைத் திறந்து கூரைக்குமேல் தண்ணீரைப் பீச்சினார்.

"ஈரமோ?"

"இல்லை."

"வடிவாப் பாரும்."

"இல்லையெண்டிறன். இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டுச் சீனத்தி யன்னலுக்குள்ளால பாக்குது. மனுசனுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு பொலிஸைக் கூப்பிடப்போகுது. நிப்பாட்டுங்கோ."

கால் மணித்தியாலம் பீச்சினார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

பெருநாள் தொடங்கும் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு அன்ட்ரூ வந்தான். ஷெரிலும் துவாரகாவும் கூட வந்தார்கள். ஷெரில் கொட்டிலுக்குள் போய் சேலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். யோகமலர் அலங்காரத்துக்காக மூலையில் தொங்கவிட்டிருந்த மாதுளம்பழத்தையும் பாகற்காயையும் பார்த்துச் சிரித்தார். கணவனை நினைத்திருக்கவேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேலே பார்த்தார். பார்த்தபடியே நின்றார். அன்ட்ரூவும் பார்த்தான். அவனுடைய முகம் தொங்கிப்போனது. தாயும் மகனும் ஏதோ குசுகுசுத்தார்கள்.

வேலையின் திறத்தைப் பார்த்துத்தான் வாயடைத்துப்போய் நிற்கிறார்கள் என்று நினைத்த தியாகலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நோ லீக்! ட்வென்ரி இயர் கரன்ரி!" என்றார்.

ஷெரிலுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. கதிரையில் இருந்து சிரித்துவிட்டு, பிறகு மரியாதையாகச் சொன்னார்: இது மிக அழகான வேலை, ஆனால் சுக்காவின் கூரைக்குள்ளால் வானம் தெரியவேண்டும், மழை பெய்தால் உள்ளே விழவேண்டும், விழாவிட்டால் அது வீடு, சுக்கா இல்லை.

"மாமா, நான் சொன்னனான். கூரை ஒலுகா வேணும்" என்றான் அன்ட்ரூ பாவமாக.

துவாரகா இரண்டு கையாலும் தலையைப் பிடித்தாள். "ஓ மை கோட், அப்பா! ஒழுங்கா இல்லை. ஒழுக! கூரை ஒழுகவேணும்! ஹீ மென்ற் இற் ஷுட் லீக்!"

யோகமலர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்ட்ரூவும் சிரித்தான். தியாகலிங்கம் சிரிக்கவில்லை.

"ஒழுகிற கூரையை ஆரும் வேணுமெண்டு கட்டுவினமோ?" என்றார். "இவ்வளவு காலமும் நான் ஒரு ஒழுக்குக் கூரை போட்டதில்லை. இனியும் போடமாட்டன்." சொல்லிவிட்டு விறுவிறென்று கராஜுக்குள் போய்விட்டார்.

பின்னால் ஷெரிலின் குரல் கேட்டது. பரவாயில்லை, அவரைக் கஷ்டப்படுத்தவேண்டாம், எங்கள் கொண்டோவின் பார்க்கிங்கில் எல்லாருக்குமாக ஒன்று கட்டியிருக்கிறார்கள், அங்கே போவோம் என்று சமாதானமாகத்தான் சொன்னார். இன்றைக்கு அங்கே போனால் இனி ஒவ்வொரு வருடமும் அங்கேதான். அது தியாகலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எழுந்து போகக் கால் வரவில்லை. பழைய ஷிங்கிள் கட்டு ஒன்றின்மேல் இருந்தபடி நிலத்தைப் பார்த்தார்.

துவாரகா வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு என்ன பிரச்சினை? கொஞ்சத்தை எடுத்துவிட்டாச் சரிதானே."

"உனக்கு மேல தண்ணி விழும்."

"எனக்கு முப்பத்திரண்டு வயசு அப்பா."

"மூண்டு நாள் குடை பிடிச்சனான் பிள்ளை. கூரைக்குக் கீழ இருந்து. உனக்கு ஞாபகம் இராது."

"ஞாபகம் இல்லை. ஆனா அம்மா சொன்னவ." துவாரகா அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். "பெருநாளை இஞ்ச வைப்பம் எண்டு அன்ட்ரூவுக்குச் சொன்னது ஆர் எண்டு நினைச்சீங்கள்? நான்தான். அவர் முதல்முதல் இந்தப் பெருநாள் என்னத்துக்கு எண்டு எனக்குச் சொல்லேக்க எனக்கு உங்கட முகம்தான் வந்தது. வீடு இல்லாமல் நடந்தது, கொட்டில்ல இருந்தது எல்லாம் அவைக்கு மூவாயிரம் வருசத்துக்கு முந்தின கதை. எங்கட வீட்டில அதைச் செய்த ஆளே இருக்கிறார். திஸ் இஸ் யுவர் ஹொலிடே, அப்பா. உங்களை விட்டிட்டு நான் எங்க போய் வைக்கிறது?"

தான் இத்தனை நாளும் எதற்குப் பயந்தாரோ அது நடக்கவேயில்லை என்பது தியாகலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. மகள் எங்கேயும் போகவில்லை. அங்கே கேட்ட கதைக்குள்ளும் அப்பாவைத்தான் தேடியிருக்கிறாள். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. கராஜ் தூசி என்று சொல்லித் துடைத்தார். துவாரகாவும் தூசி என்றே ஒப்புக்கொண்டாள்.

வெளியே வந்து ஏணியை எடுத்தார். அன்ட்ரூ ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

"எவ்வளவு ஒழுகவேணும்?" என்று கேட்டார்.

"என்ன மாமா?"

"அளவு சொல்லு தம்பி. சும்மா ஒழுகவேணும் எண்டா நான் என்னெண்டு செய்யிறது? எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கும்."

அன்ட்ரூ தாயைக் கேட்டான். இருந்தது. உள்ளே வெயிலைவிட நிழல் கூட இருக்கவேண்டும். ஆனால் வானமும் தெரியவேண்டும், மழையும் விழவேண்டும்.

தியாகலிங்கத்தின் முகம் தெளிந்தது. இப்படி ஒரு கணக்கை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? முழங்காலைச் சபித்துக்கொண்டு ஏறினார். அடுக்கிய சோளத்தட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக உருவினார். ஒவ்வொரு கட்டை உருவும்போதும் பல்லைப் பிடுங்குகிறமாதிரி முகத்தைச் சுளித்தார். ஆனால் உருவினார். இடையிடையே இறங்கி, உள்ளே போய், நிலத்தில் விழுந்த வெயிலையும் நிழலையும் பார்த்து, திரும்ப ஏறினார். அவர் முடித்தபோது ஷெரில் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்து, தன்னுடைய கணவர் கட்டிய எந்த வருடத்துக் கூரையும் இவ்வளவு அளவாக இருந்ததில்லை என்றார். அவர் கட்டியது பெரும்பாலும் இரண்டாம் நாள் காற்றோடு போய்விடுமாம்.

ஒருவரும் பார்க்காத நேரம் தியாகலிங்கம் வீட்டுக்குள் போய் ஒரு பெரிய கறுப்புக் குடையைக் கொண்டுவந்து, துவாரகா இருக்கப்போகிற கதிரைக்குப் பக்கத்தில் மேசைக்குக் கீழே ஒளித்து வைத்தார்.

பொழுதுபட முன் ஷெரிலும் துவாரகாவும் மெழுகுதிரி கொளுத்தினார்கள். அன்ட்ரூ ஒரு வைன் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து எபிரேயத்தில் பாடினான். அதில் ழகரம் இல்லாததால் தடங்கலில்லாமல் பாடினான். யோகமலர் புதுச்சட்டியில் சைவமாகச் சமைத்திருந்தார். இறைச்சியையும் பாலையும் கலக்கக்கூடாது என்பது ஷெரில் வீட்டு முறை. "இறைச்சியே இல்லாட்டிக் கலக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்று யோகமலர் அந்தப் பிரச்சினையை ஒரே வார்த்தையில் தீர்த்திருந்தார். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கத்தரிக்காய்க் குழம்பும் மேசைக்கு வந்தன. அன்றைக்குப் பறுவம். ஆனால் முழுநிலவை முகில் மூடியிருந்தது.

ஷெரில் இரண்டாம் தரம் சொதி விட்டுக்கொண்டிருக்கும்போது மழை தொடங்கியது.

முதலில் சோளத்தட்டில் சரசரவென்ற சத்தம். பிறகு மேசைவிரிப்பில் ஒன்று, மெழுகுதிரிக்குப் பக்கத்தில் ஒன்று. எல்லாரும் தியாகலிங்கத்தைப் பார்த்தார்கள். ஷெரில் அவசரமாக, இதற்கும் ஒரு விதி இருக்கிறது, மழையால் சூப் கெட்டுப்போகும் என்றால் எழும்பி உள்ளே போகலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை என்றார்.

"சொதி சூப்போ?" என்று யோகமலர் கேட்டார்.

துவாரகாவின் உச்சியில் ஒரு சொட்டு விழுந்து நெற்றியில் வழிந்தது. தியாகலிங்கத்தின் கை தன்பாட்டில் மேசைக்குக் கீழே போய்க் குடையைப் பிடித்தது. மகள் அண்ணாந்து பார்த்து, முகத்தில் இன்னொரு சொட்டை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

அவர் திரும்பி வீட்டைப் பார்த்தார். குசினியில் வெளிச்சம் எரிந்தது. கதவு பத்து அடி தூரத்தில் பூட்டாமல் இருந்தது. கூரை அவர் தன் கையால் போட்டது, பதினாலு வருடமாக ஒரு சொட்டு இறங்கவில்லை. நினைத்த நேரம் எழும்பி உள்ளே போகலாம். அன்றைக்கு நனைந்தது போக இடமில்லாமல். இன்றைக்கு நனைவது போக இடமிருந்தும். அந்த ஏழு நாளை இந்த ஆட்கள் எதற்காக இத்தனை காலமாக விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு ஒருவரும் விளங்கப்படுத்தாமலே விளங்கியது. மனம் நிறைந்துபோய் இருந்தது. குடையைக் கையிலிருந்து விட்டுவிட்டு, காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

"மாமா, உள்ள போவமா?" என்று அன்ட்ரூ கேட்டான்.

"கொஞ்சம் இருப்பம்."

அன்ட்ரூ மேலே பார்த்தான். "கூரை?"

தியாகலிங்கமும் மேலே பார்த்தார். தொழில்காரரின் கண்ணால், மூலையிலிருந்து மூலைக்கு, நிதானமாகப் பார்த்தார். அவருடைய சொதிக் கிண்ணத்துக்குள் ஒரு சொட்டு விழுந்தது.

"ஓம் தம்பி" என்றார். "ஒழுங்கா ஒழுகுது."